உலைக்குத் தப்பிய பொன்: அமெரிக்கப் பழந்தங்க நாணயங்களின் மதிப்பும் மெய்மையும்

தங்க நாணயம் ஒவ்வொன்றுக்கும் மூன்று மதிப்புகள் உண்டு. வெளியிட்ட அரசு அதற்குச் சட்டப்படி வரையறுத்த முகமதிப்பு முதலாவது. அதிலுள்ள பொன்னை உருக்கி விற்றால் அன்றைய சந்தையில் கிடைக்கும் உருக்குமதிப்பு இரண்டாவது. அதே ஆண்டில் அதே இடத்தில் அடிக்கப்பட்டவற்றுள் எத்தனை எஞ்சின, கையிலிருப்பது எந்த நிலையில் எஞ்சியது என்பதைப் பார்த்துச் சேகரிப்போர் தரும் சேகரமதிப்பு மூன்றாவது. 1795 முதல் 1933 வரை அமெரிக்க ஐக்கிய நாடுகள் அடித்த தங்க நாணயங்களில் இம்மூன்றும் ஒன்றைவிட்டு ஒன்று வெகுதூரம் விலகி நிற்பதால், அவற்றை மதிப்பிடும் கலை நாணயவியலில் தனியொரு துறையாகவே வளர்ந்திருக்கிறது.

பத்து டாலர் நாணயம் அங்கே ‘ஈகிள்’, அதாவது கழுகு, என்று சட்டத்திலேயே பெயர் பெற்றது. ஐந்து டாலர் அரை ஈகிள், இரண்டரை டாலர் கால் ஈகிள், பின்னர் வந்த இருபது டாலர் இரட்டை ஈகிள். இரட்டை ஈகிளின் எடை 33.436 கிராம், அதாவது நான்கு சவரனுக்குச் சற்று மேல். அதில் பத்தில் ஒன்பது பங்கு பொன்னும், தேய்மானத்தைத் தாங்குவதற்காகப் பெரும்பாலும் செம்பாகச் சேர்த்த ஒரு பங்கு கலப்பும் உள்ளன. காரட் கணக்கில் இந்த மாற்று 21.6 ஆகும். சுத்தப் பொன் 0.9675 டிராய் அவுன்ஸ், ஏறத்தாழ 30 கிராம். அன்றைய பொன்விலையை இந்த எண்ணால் பெருக்கினால் உருக்குமதிப்பு வந்துவிடும். நாணயம் மெய்யானதாக இருக்கும்வரை அதன் விலை இதற்குக் கீழே இறங்குவது அரிது. இந்த அடிமட்டத்துக்கு மேலே எவ்வளவு என்ற கேள்விக்குத்தான் வரலாறும் உருப்பெருக்கியும் தேவைப்படுகின்றன.

அமெரிக்கத் தங்க நாணயங்களின் அருமைக்கு அடிப்படைக் காரணம், அடிக்கப்பட்டவற்றுள் மிகப் பல உருக்கப்பட்டதே. 1792ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் ஒரு பங்கு பொன்னுக்குப் பதினைந்து பங்கு வெள்ளி என்று விகிதம் வகுத்தது. ஐரோப்பியச் சந்தையிலோ பொன்னுக்கு அதைவிடச் சற்று அதிக வெள்ளி கிடைத்தது. வேறுபாடு சிறிதே எனினும், கப்பல் கப்பலாகச் சரக்கு அனுப்பும் வணிகனுக்கு அதுவே போதுமான ஆதாயம். எனவே ஃபிலடெல்ஃபியா அக்கசாலையில், அதாவது நாணயம் அடிக்கும் அரசுச் சாலையில், அடித்த பொற்காசு மக்களின் கைக்கு வருமுன்னே துறைமுகத்துக்குப் போய், கடல் கடந்து, உலைக்குள் இறங்கியது. 1804க்குப் பின் பத்து டாலர் நாணயம் அடிப்பதே பல்லாண்டுகள் நிறுத்தி வைக்கப்பட்டது. 1834இல் சட்டம் திருத்தப்பட்டு, ஈகிளில் இருக்க வேண்டிய சுத்தப் பொன்னின் எடை 247.5 கிரெய்னிலிருந்து 232 கிரெய்னாகக் குறைக்கப்பட்டது (ஒரு கிரெய்ன் ஏறத்தாழ அரைக் குன்றிமணி எடை). அத்திருத்தம் புதிய நாணயத்தைக் காத்தது. பழையவற்றுக்கு அதுவே கூற்றாயிற்று. பழைய ஐந்து டாலர் காசில் இப்போது ஐந்து டாலர் 33 செண்ட் பெறுமான பொன் இருந்ததால், அதை உருக்காமல் வைத்திருந்தவர் நட்டப்பட்டார். பழையதையும் புதியதையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்தறிவதற்காகப் புதிய அச்சில் கழுகின் தலைக்கு மேலிருந்த இலத்தீன் முதுமொழி நீக்கப்பட்டது. அந்த வெற்றிடமே இன்றும் 1834ஐ அடையாளம் காட்டுகிறது.

இதன் விளைவை 1822ஆம் ஆண்டின் அரை ஈகிளில் காணலாம். அவ்வாண்டு அடித்ததாக அக்கசாலைப் பதிவேட்டில் உள்ள எண்ணிக்கை 17,796. இன்று இருப்பதாக அறியப்படுபவை மூன்றே. இரண்டு வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் நாணயத் தொகுப்பில் நிலையாகத் தங்கிவிட்டதால் தனியார் வாங்கக் கூடியது ஒன்றுதான். அது 2021இல் 84 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. எட்டே முக்கால் கிராம் எடையுள்ள ஒரு வில்லைக்கு அந்த விலையைத் தந்தது அதிலிருந்த பொன் அன்று. மற்ற 17,793இன் அழிவு.

இரண்டாவது பேரழிவு 1933இல் நேர்ந்தது. பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே அதிபர் ஃபிராங்ளின் ரூஸ்வெல்ட் ஏப்ரல் 5ஆம் நாள் பிறப்பித்த ஆணை, மக்கள் தம்மிடமிருந்த தங்க நாணயங்களை வங்கியில் ஒப்படைத்து, அவுன்ஸுக்கு 20.67 டாலர் என்ற பழைய விலையைப் பெற்றுக்கொள்ளுமாறு பணித்தது. அடுத்த ஆண்டே அந்த விலை 35 டாலராக உயர்த்தப்பட்டது. அரசுக் கருவூலத்தின் பெட்டகங்களில் கட்டுப் பிரிக்காமலே கிடந்த மூட்டைகளும் சேர்ந்து உருகிப் பாளங்களாயின. டென்வரில் 1927இல் அடித்த இரட்டை ஈகிள் 1,80,000. இன்று எஞ்சியவை இருபதைத் தொடா. எனவே அச்சான எண்ணிக்கையை மட்டும் பார்த்து விலை சொல்வது, விதைத்த நெல்லை எண்ணி விளைச்சலைச் சொல்வதற்கு ஒப்பாகும். அரிய நாணயங்களை அந்த ஆணை விலக்கி வைத்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். அந்த ஒரு விலக்கு இல்லாதிருந்தால், பேசுவதற்குப் பொருளே அதிகம் எஞ்சியிராது.

அருமை என்பது நிலையான குணமுமன்று. 1924இல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்த இரட்டை ஈகிள் 1940களில் கிடைத்தற்கரியதாகக் கருதப்பட்டது. ஐரோப்பிய வங்கிப் பெட்டகங்களில் அவை நூற்றுக்கணக்கில் உறங்கிக் கொண்டிருந்தது பின்னரே தெரிய வந்து, வரிசையில் அதன் இடம் சரிந்தது. 1857 செப்டம்பரில் கலிஃபோர்னியப் பொன்னை ஏற்றி வந்த ‘சென்ட்ரல் அமெரிக்கா’ என்னும் நீராவிக் கப்பல் கரோலினாக் கரைக்கு அப்பால் புயலில் மூழ்கி, நானூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1988இல் அக்கப்பலின் சிதைவு கண்டறியப்பட்டபோது, அவ்வாண்டு சான் பிரான்சிஸ்கோவில் அடித்துப் புழக்கத்துக்கே வராத இரட்டை ஈகிள்கள் ஐயாயிரத்துக்கு மேல் அதிலிருந்து மீண்டன. பொன் கடல்நீரில் துருப்பிடிப்பதில்லை என்பதால், நூற்றுமுப்பது ஆண்டு ஆழ்கடலில் கிடந்த பின்னும் பல காசுகள் அச்சிலிருந்து அன்றே விழுந்தவை போன்ற ஒளியோடு இருந்தன. அதற்கு முன்னர் தேயாத நிலையில் அந்த நாணயத்தைக் காண்பதே அரிது. இன்று அத்தகைய நிலையில் எளிதாகக் கிடைக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டு இரட்டை ஈகிள்களுள் அதுவும் ஒன்று. உயிர்ச்சேதத்தின் நினைவு அந்நாணயத்தோடு ஒட்டியிருப்பதை விற்பனைப் பட்டியல்கள் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுவது வருந்தத்தக்கது.

ஆண்டுக்கு அடுத்தபடியாக விலையைத் தீர்மானிப்பது அக்கசாலைக் குறி, அதாவது எந்த ஊரில் அடித்தது என்பதைக் காட்டும் ஓரிரு எழுத்து. ஃபிலடெல்ஃபியாவின் தங்க நாணயங்களுக்குக் குறியே கிடையாது. சான் பிரான்சிஸ்கோவுக்கு எஸ். நியூ ஆர்லியன்ஸுக்கு ஓ. நெவாடா வெள்ளிச் சுரங்கங்களை ஒட்டி எழுந்த கார்சன் சிட்டிக்கு சி.சி. தென் மாநிலங்களின் பொன்வயல்களுக்காக 1838இல் தொடங்கி உள்நாட்டுப் போரோடு 1861இல் மூடப்பட்ட ஷார்லட்டுக்கு சி, டாலோனேகாவுக்கு டி. பின்னாளில் 1906இல் தொடங்கிய டென்வரும் அதே டி எழுத்தை எடுத்துக்கொண்டதால், அக்குறியை ஆண்டோடு சேர்த்துப் படிக்க வேண்டும். டாலோனேகாக் காசுகள் பலவற்றில் அச்சு அழுத்தமாக விழுந்திருக்காது. தேய்ந்தது போன்ற அந்த மங்கலைத் தேய்வு என்று கருதித் தரத்தைக் குறைத்துச் சொல்வது புதியவர் வழக்கமாகச் செய்யும் பிழை. தேய்ந்த இடத்தில் மேற்பரப்பின் ஒளி அழிந்திருக்கும். அச்சு சரியாக விழாத இடத்தில் உருவம் மங்கியிருந்தாலும் ஒளி இருக்கும்.

தரம் என்பது இன்று ஒன்று முதல் எழுபது வரையிலான எண்ணால் சுட்டப்படுகிறது. வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949இல் பழைய பெரிய செப்புச் செண்ட் காசுகளுக்காக வகுத்த அளவுகோல் இது. அடையாளம் மட்டும் தெரியும் தேய்ந்த காசின் விலையைப்போல் எழுபது மடங்கு பழுதற்ற காசுக்குத் தகும் என்பது அவருடைய கணக்கு. செப்புக் காசிலேயே அந்தக் கணக்கு நெடுநாள் நிற்கவில்லை. எண்வரிசை மட்டும் எல்லா நாணயங்களுக்கும் பரவிவிட்டது. அறுபது முதல் எழுபது வரை புழக்கத்துக்கு வராதவை; அந்தப் பத்துப் படிகளுக்குள் ஒரு படி ஏறுவதற்கே சில ஆண்டுக் காசுகளில் விலை பன்மடங்காகும். கண்ணால் பார்த்துச் சொல்லும் ஒரு தீர்ப்பின்மேல் இவ்வளவு பணத்தை ஏற்றி வைப்பது சந்தையின் பலவீனம் என்றே சொல்ல வேண்டும். எண்ணை வாங்காமல் நாணயத்தை வாங்குவோர்க்கு அந்தப் பலவீனத்தால் வரும் தீங்கு குறைவு.

இங்கே அழுத்தமாகச் சொல்ல வேண்டியது, பழைய நாணயத்தைத் துலக்கக் கூடாது என்பது. புளியும் சாம்பலும் இட்டுப் பாத்திரம் துலக்கும் கைப்பழக்கமும், நகையைப் பாலிஷ் போட்டு வாங்கும் வழக்கமும் நாணயத்துக்குப் பகை. அடிக்கும் வேகத்தில் பொன் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடி, கண்ணுக்குத் தெரியாத வரிகளாக உறைகிறது. நாணயத்தை விளக்கின் கீழ்ச் சாய்த்துத் திருப்பும்போது ஒளி சக்கரத்தின் ஆரக்கால்போல் சுழல்வது அந்த வரிகளால்தான். ஒருமுறை தேய்த்தால் அவ்வரிகள் போய்விடும். எந்த வித்தையாலும் அவை திரும்ப வாரா. துலக்கிய காசு பளபளக்கும், ஆனால் அதில் ஒளி சுழலாது.

மெய்மையை அறிவதற்கு முதற்கருவி தராசு. 1873ஆம் ஆண்டுச் சட்டம் இரட்டை ஈகிளுக்கு அனுமதித்த எடைப் பிறழ்வு அரை கிரெய்ன் மட்டுமே, அதாவது ஏறத்தாழ 0.03 கிராம், குன்றிமணியில் கால்பங்கு. தேய்மானத்தால் எடை குறையலாம், கூடுவதற்கு வழியில்லை. அடுத்தது ஒப்படர்த்தி: காற்றில் எடைபோட்ட நாணயத்தை நூலில் கட்டித் தண்ணீரில் முழுக்கி மீண்டும் எடைபோட்டால், 33.436 கிராம் காசு ஏறத்தாழ 1.94 கிராம் இழக்கும். முதல் எடையை இழப்பால் வகுத்தால் 17.2 வரும். ஈயத்துக்கு 11.3, பொன்னையே ஒத்த கனமுள்ள டங்ஸ்டனுக்கு 19.3; மேலே முலாம் பூசிய காசு இந்தச் சோதனையில் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதோ, தட்டார் செய்வதுபோல் ஓரத்தை வெட்டிப் பார்ப்பதோ கூடாது; நாணயம் மெய்யானது என்று அது காட்டினாலும், அப்படிக் காட்டும்போதே அதன் சேகரமதிப்பை அழித்துவிடுகிறது.

எனினும் தராசும் தண்ணீரும் மிகக் கொடிய போலியைக் காட்டிக் கொடுப்பதில்லை, ஏனெனில் அது முழுப் பொன்னால் ஆனது. 1960களிலும் 1970களிலும் லெபனானிலிருந்து பரவியவை போன்ற கள்ள நாணயங்கள் சரியான எடையிலும் சரியான மாற்றிலும் அடிக்கப்பட்டன. செய்தவர்களின் ஆதாயம் உருக்குமதிப்புக்கும் சேகரமதிப்புக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் இருந்தது. இத்தகைய போலியை அடையாளம் காண, அச்சு எப்படி உருவாகிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். அக்கசாலையில் உருக்கு அச்சு செதுக்கப்பட்டு, மெருகேற்றப்பட்டு, பொன் வில்லையின்மேல் அழுத்தப்படுகிறது. கள்ளர் பெரும்பாலும் செதுக்குவதில்லை. மெய்யான ஒரு காசையே மூலமாகக் கொண்டு, அதன் உருவத்தை உருக்கில் பதித்து அச்சாக்கிக் கொள்கின்றனர்.

பத்து மடங்கு உருப்பெருக்கியின் கீழ் அவர்கள் அகப்படுவது அந்தக் குறுக்குவழியால்தான். மூலமாக எடுத்த மெய்க்காசில் புழக்கத்தின்போது ஏற்பட்ட ஒரு சிறு குழி, சுதந்திர தேவியின் கன்னத்தில் இருக்கிறது என்று கொண்டால், அது அச்சில் மேடாகி, அச்சிலிருந்து வரும் ஒவ்வொரு போலியிலும் அதே கன்னத்தில் அதே இடத்தில் மீண்டும் குழியாகும். புழக்கத்தில் விழும் அடி ஒவ்வொரு காசிலும் வெவ்வேறு இடத்தில்தான் விழும். இரு காசுகளில் ஒரே குழி ஒரே இடத்தில் இருந்தால் இரண்டையும் விலக்கி வைக்க வேண்டும். குழியின் உட்புறமும் பேசும்: மெய்யான அடி மேற்பரப்பைக் கிழித்துக் கூர்மையான ஓரத்தோடு கிடக்கும், போலியில் வரும் குழியின் ஓரம் மழுங்கியிருக்கும், சுற்றிலுமுள்ள அதே ஒளி குழிக்குள்ளும் தடையின்றி இறங்கியிருக்கும். இனி, விளிம்பை ஒட்டிய பல்வரிசைக்கும் கழுத்தோரத்துக்கும் வந்தால், குறையைச் சரிசெய்ய அச்சில் கள்ளர் ஓட்டிய உளியின் கீறல்கள் நாணயத்தில் புழு ஊர்ந்தது போன்ற மேட்டு வரிகளாக நிற்பதைக் காணலாம். மெய்யான அச்சிலும் மெருகேற்றிய கோடுகள் உண்டு, அவையும் மேடாகவே தெரியும். ஆனால் அவை சமதளத்தில் மெல்லிய நேர்கோடுகளாக ஓடி, எழுத்துகளின் அடியில் மறையும். பின்னாளில் துணியால் துடைத்து விழுந்த கீறலோ பள்ளமாக இருக்கும், எழுத்தின் மேலும் ஏறி ஓடும். எது மேடு, எது பள்ளம் என்று பிரித்தறியும் கண்தான் இத்துறையில் நீண்ட பயிற்சியால் வருவது.

சிற்பி அகஸ்டஸ் செயிண்ட்-காடன்ஸ் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் வேண்டுகோளுக்கிணங்கி வடித்து, 1907இல் தம் மறைவுக்குப் பின் வெளிவந்த உயர்புடைப்பு இரட்டை ஈகிள் அமெரிக்க நாணயங்களுள் தலைசிறந்தது என்று பலராலும் கொண்டாடப்படுவது; அக்கொண்டாட்டம் தகும். கிரேக்கப் பழங்காசுகளைப்போல் உருவம் உயர்ந்து நிற்க வேண்டும் என்று சிற்பி விரும்பியதால், ஒரே அடியில் அச்சு முழுமையாக விழாமல் ஒவ்வொரு காசையும் பலமுறை அழுத்த வேண்டியிருந்தது. பன்னிரண்டாயிரத்துக்குச் சற்று மேல் அடித்த பின் புடைப்பு தாழ்த்தப்பட்டது. இதன் மிகத் தேர்ந்த போலியில் கழுகின் நகத்துக்குள் ஒமேகா என்னும் கிரேக்க எழுத்து நுண்ணிதாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. செய்தவன் தன் திறமையின்மேல் கொண்ட செருக்கால் இட்ட கையொப்பமாக அது இருக்கக்கூடும். அந்த எழுத்து மட்டும் இல்லாதிருந்தால் வல்லுநர்களுக்கும் வேலை கடினமாகியிருக்கும்.

விளிம்பும் சான்று தரும். 1907 முதல் அடித்த பத்து டாலர் ‘இந்தியத் தலை’ (அதாவது அமெரிக்கப் பழங்குடித் தலை) ஈகிளின் விளிம்பில் மாநிலத்துக்கு ஒன்றாக 46 விண்மீன்கள் மேடாக நிற்கும். அரிசோனாவும் நியூ மெக்சிகோவும் மாநிலங்களான 1912 முதல் அவை 48. வேறு ஓர் ஏமாற்று, மெய்யான நாணயத்தில் பொய்யான எழுத்தை ஒட்டுவது. டென்வரில் 1911இல் அடித்த கால் ஈகிள் 55,680 மட்டுமே என்பதால், அதே ஆண்டின் ஃபிலடெல்ஃபியாக் காசில் டி எழுத்தை ஒட்டி விற்கும் வழக்கம் உண்டு. அச்சில் வெட்டிய எழுத்து தளத்திலிருந்து தானாக எழுந்து நிற்கும். ஒட்டிய எழுத்தின் காலடியில் இணைப்புக் கோடு தெரியும்.

அமெரிக்க நாணயவியல் சங்கம் 1972இல் தொடங்கிய சான்றிதழ்ப் பணியும், 1986இலும் 1987இலும் தொடங்கிய பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. ஆகிய நிறுவனங்களும் நாணயத்தைச் சோதித்து, தரம் எழுதி, ஞெகிழிப் பேழைக்குள் மூடித் தருகின்றன. பேழையையே போலியாகச் செய்வோரும் வந்துவிட்டதால், பேழை எண்ணையும் படத்தையும் நிறுவனப் பதிவோடு ஒப்பிடுவது இன்றியமையாததாயிற்று.

போலியை மெய் என்று கொள்ளும் பிழையைவிட, மெய்யைப் போலி என்று தள்ளும் பிழை குறைவாகவே பேசப்படுகிறது. சான் பிரான்சிஸ்கோ அக்கசாலை தன் முதலாண்டாகிய 1854இல் அடித்த அரை ஈகிள்கள் 268. நெடுங்காலமாக அறியப்பட்டவை மூன்றே. 2018இல் நான்காவது ஒன்று வெளிப்பட்டபோது, அதை வைத்திருந்தவரிடம் வணிகர் பலர் அது போலி என்றே சொல்லியிருந்தனர். அத்தனை அரியது கையில் வரும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை என்பதே அதற்குக் காரணம். என்.ஜி.சி. வல்லுநர்கள் ஸ்மித்சோனியன் காசின் படத்தோடு வைத்து நுண்ணிதாக ஒப்பிட்டு, அது மெய்யானது என்று நிறுவினர். அவ்வாண்டே அது இருபது இலட்சம் டாலருக்கு மேல் விற்றது. அனுபவம் தரும் ஐயத்துக்கும் எல்லை உண்டு. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு முன் சொல்லும் தீர்ப்பு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஊகமே.

மெய்யான நாணயமாயிருந்தும் விலையே இல்லாமற்போகும் நிலையும் உண்டு. 1933இல் அடித்த 4,45,500 இரட்டை ஈகிள்கள் சட்டப்படி வெளியிடப்படவே இல்லை; இரண்டு மட்டும் அரசுத் தொகுப்புக்கு ஒதுக்கப்பட்டு, ஏனையவை உருக்கப்பட்டன. ஆயினும் சில அக்கசாலையிலிருந்து வெளியேறின. அவற்றுள் ஒன்று 1944இல் ஏற்றுமதி உரிமம் பெற்று எகிப்து மன்னர் ஃபாரூக்கிடம் போய்ச் சேர்ந்தது. அக்காசே என்று கருதப்படுவது 1996இல் நியூயார்க்கில் அதிகாரிகளால் கைப்பற்றப்பட்டு, நீண்ட வழக்குக்குப் பின் உடன்பாடு ஏற்பட்டு, 2002இல் ஏலத்துக்கு வந்தது. வாங்கியவர் கொடுத்த 75,90,020 டாலரில் கடைசி இருபது டாலர், அன்றுவரை வெறும் பொன்வில்லையாகவே கருதப்பட்ட அதைச் சட்டப்படி நாணயமாக்குவதற்காகக் கருவூலத்துக்குச் செலுத்திய முகமதிப்பு. 2021இல் அதே காசு 1,88,72,250 டாலருக்குக் கைமாறியது. அதே அச்சில், அதே ஆண்டில், அதே பொன்னால் அடித்து, பின்னர் ஒரு குடும்பத்தின் பெட்டகத்தில் கிடைத்த பத்து நாணயங்களை அரசின் அக்கசாலையே மெய்யானவை என்று உறுதி செய்தது; நீதிமன்றங்களோ அவை அரசுக்கு உரியவை என்று தீர்த்ததால், அவற்றுக்குச் சந்தையில் விலை சொல்ல எவராலும் இயலாது.